காஸ் வந்தால் கிழக்கில் ஆலைகள் வருமா?

வாழைச்சேனைத் தம்பி ஒருவர் கேட்டது இது: “அண்ணன், மன்னார்க் கடலில் காஸ் கண்டுபிடித்துப் பல வருடமாகிவிட்டது. எங்கள் பக்கத்துக் கடலிலும் ஆய்வு செய்ய வந்தார்கள். அமெரிக்காவில் காஸ் மலிந்ததும் படுத்துக்கிடந்த ஊர்களில் எல்லாம் தொழிற்சாலை முளைத்ததாம். இங்கே காஸ் எடுத்தால் மட்டக்களப்பு, அம்பாறைக்கும் அப்படி வருமா? என் தம்பி ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் நிற்கிறான். ஒரு இடத்தில் ‘ஒயில் அண்ட் காஸ்’ டிப்ளோமாவுக்கு நாலரை லட்சம் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். ஏன் என்று சொல்ல மற்றக் கேள்விகளுக்குள் கொஞ்சம் நீளமாகப் போக வேண்டும். பொறுமையாக வாசியுங்கள்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். கத்தாரில் மெசயீத் என்ற தொழில் நகரத்தில் ஒரு யூரியா ஆலையின் நீராவிப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். ஊருக்கு வந்தபிறகு கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நெல் மில்களின் பொயிலர் பார்க்கிறேன். உலகத்திலேயே மலிவான காஸ் எரிகிற இடத்தையும் பார்த்திருக்கிறேன், உமி எரிகிற இடத்தையும் பார்க்கிறேன். பொருளாதாரம் படித்தவன் இல்லை. சூட்டுக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வீட்டுக் குசினியில் இருக்கிற சிலிண்டரையும் நாம் காஸ் என்கிறோம், கடலுக்கு அடியில் இருப்பதையும் காஸ் என்கிறோம். இரண்டும் வேறு. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும், இரும்புக் குடுவைக்குள் போட்டு லொறியில் ஏற்றி மூதூருக்கும் அனுப்பலாம், மூன்றாம் மாடிக்கும் தூக்கலாம். இயற்கை வாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். அதை எவ்வளவு அழுத்தினாலும் சாதாரண சூட்டில் திரவமாகாது. ஒன்றில் குழாயில் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் மைனஸ் 162 பாகைக்குக் குளிராக்கி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கி, அதற்கென்றே கட்டிய கப்பலில் ஏற்ற வேண்டும்.

உங்கள் கேள்வியின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. எண்ணெய்க்கு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே விலை. பீப்பாயில் ஊற்றி எங்கும் அனுப்பலாம் என்பதால் கிணறு யாருடைய ஊரில் இருந்தாலும் பக்கத்து ஆலைக்குப் பெரிய லாபம் இல்லை. காஸ் அப்படி இல்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு விலை, குழாய் முடிகிற இடத்தில் ஒரு விலை, கப்பல் வந்து சேர்கிற துறைமுகத்தில் மூன்று நான்கு மடங்கு விலை. அதனால்தான் காஸ் ஆலையை இழுக்கிறது. காஸைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போவதைவிட, ஆலையைத் தூக்கிக்கொண்டு காஸிடம் போவது சில தொழில்களுக்கு மலிவு.

இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. காஸிலிருந்து மெத்தனோல் என்ற இரசாயனம் செய்கிற மெதனெக்ஸ் என்ற கம்பனிக்குச் சிலி நாட்டின் தெற்குக் கோடியில், புந்தா அரேனாஸ் பக்கம் நான்கு ஆலைகள் இருந்தன. ஆர்ஜென்டினா குழாயில் அனுப்பிய காஸை நம்பிக் கட்டியவை. ஆர்ஜென்டினாவுக்கே காஸ் போதாமல் போனதும் குழாயைத் திருகிவிட்டார்கள். ஆலைகள் சும்மா நின்றன. அதே நேரத்தில் அமெரிக்காவில் காஸ் விலை தரைக்கு வந்துவிட்டது. கம்பனி என்ன செய்தது? இரண்டு ஆலைகளைக் கழற்றி, கப்பலில் ஏற்றி, லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் கெய்ஸ்மர் என்ற இடத்தில் மீண்டும் பூட்டியது. இரண்டும் 2015இல் ஓடத் தொடங்கின. ஆலை ஒன்றைக் கழற்றிப் பூட்டுகிற வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு குழாய்க்கும் நம்பர் அடித்து, ஒவ்வொரு பிளாஞ்சையும் கிறீஸ் பூசி மூடி... அந்தப் பாடுபட்டாலும் கட்டுபடியாகிறது என்றால் விலை வித்தியாசம் எவ்வளவு இருந்திருக்கும் பாருங்கள்.

அந்த வித்தியாசம் எப்படி வந்தது? பாறைக்குள் இறுகிக் கிடந்த காஸைப் பக்கவாட்டில் துளைத்து, தண்ணீரும் மணலும் அடித்துப் பாறையில் வெடிப்பு விழவைத்து எடுக்கிற வழியை டெக்சாஸ், பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கத்தில் பெரிய அளவில் செய்யத் தொடங்கினார்கள். காஸ் வியாபாரத்தில் அளவு எம்.எம்.பி.டி.யு. என்பார்கள். பெயர் பெரிது, விசயம் சின்னது. நம் 12.5 கிலோ சிலிண்டர் இரண்டில் இருக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இனி ‘ஒரு அளவு’ என்றே சொல்கிறேன். அந்த ஒரு அளவு, 2008 நடுப்பகுதியில் அமெரிக்காவில் 13 டொலர் வரை போனது. 2012 ஏப்ரலில் இரண்டு டொலருக்கும் கீழே இறங்கியது. ஜப்பான்காரன் அதே ஆண்டில் கப்பல் காஸுக்குப் பதினைந்து டொலருக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் வந்தவை என்னென்ன என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். மெத்தனோல் வந்தது, யூரியா உரத்துக்கான அமோனியா வந்தது, பிளாஸ்டிக்குக்கான எத்திலீன் வந்தது. இரும்புத் தாதை நிலக்கரி இல்லாமல் காஸால் சுத்தப்படுத்துகிற ஆலையை நியூக்கோர் கம்பனி லூசியானாவில் 2013இல் திறந்தது. ஒஸ்ட்ரியாக்காரர்களின் வொஸ்தல்பைன் கம்பனி அதே மாதிரி ஒன்றை டெக்சாஸில் போட்டது. இவை எல்லாவற்றுக்கும் காஸ் என்பது வெறும் எரிபொருள் இல்லை, மூலப்பொருள். மாவில்லாமல் பாண் போடேலாது என்பது மாதிரி. சட்டை தைக்கிற கம்பனியோ, கொம்பியூட்டர் பூட்டுகிற கம்பனியோ காஸ் மலிந்தது என்பதற்காக இடம் மாறவில்லை.

சரி, வேலை? இங்கேதான் ஊர்ப்பேச்சுக்கும் கணக்குக்கும் இடையில் பெரிய பள்ளம். பென்சில்வேனியாவில் பீவர் என்ற மாவட்டம். முன்பு இரும்பு ஆலைகள் நிறைந்து, பிறகு அவை மூடப்பட்டு வாடிப்போன இடம். ஷெல் கம்பனி அங்கே மொனாக்கா என்ற சிற்றூரில் பழைய துத்தநாக ஆலை இருந்த காணியில் எத்திலீன் ஆலை கட்டியது. மாநில அரசு 25 வருடத்தில் 165 கோடி டொலர் வரை வரிச்சலுகை தருவதாகச் சொல்லித்தான் அழைத்தது. கட்டுகிற காலத்தில் உச்சத்தில் எட்டாயிரம் பேருக்கு மேல் அங்கே நின்றார்கள். லொட்ஜ் நிறைந்தது, சாப்பாட்டுக் கடை நிறைந்தது, வீட்டு வாடகை ஏறியது. 2022 நவம்பரில் ஆலை ஓடத் தொடங்கியது. நிரந்தர வேலைக்கு நின்றவர்கள் ஏறக்குறைய 600 பேர்.

காஸ் எடுக்கிற மாவட்டங்களிலும் அதே கதைதான். ஒஹாயோ ஆற்றுப் பள்ளத்தாக்கு ஆய்வு நிறுவனம் என்ற அமைப்பு 2021இல் ஒரு கணக்குப் போட்டது. ஒஹாயோ, பென்சில்வேனியா, மேற்கு வேர்ஜீனியா மூன்றிலும் காஸ் அதிகம் எடுத்த 22 மாவட்டங்களில் 2008 முதல் 2019 வரை பொருளாதார உற்பத்தி அறுபது வீதம் வளர்ந்தது. வேலைவாய்ப்பு இரண்டு வீதம்கூட வளரவில்லை. பணம் அந்த மண்ணில் இருந்து எடுக்கப்பட்டது, அந்த மண்ணில் தங்கவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றால், அமெரிக்கா முழுக்கப் பார்த்தால் மலிந்த காஸால் கரண்ட் பில் குறைந்தது, குளிர்கால வீட்டுச் செலவு குறைந்தது, ஏற்றுமதி கூடியது. லாபம் உண்மைதான். ஆனால் அது பரவலாக எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. துளை போட்ட ஊருக்குக் குவியவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. மெசயீத்தில் என் ஷிஃப்டில் எங்கள் பிரிவுக்கு ஒன்பது பேர். நாலு பேர் கண்ட்ரோல் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், மற்றவர்கள் ரவுண்ட் போவோம். இரவில் வெளியே நின்று பார்த்தால் வெளிச்சம் ஒரு நகரம் மாதிரி இருக்கும், ஆள் நடமாட்டம் மயானம் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் காஸ் உள்ளே போகும், காற்றில் இருந்து நைட்ரஜன் உள்ளே போகும், மறுபக்கம் வெள்ளை மணி மணியாக யூரியா பெல்ட்டில் வந்து கொட்டும். அதன் உயரத்தில் ஏறிப் பார்த்தால் சீனி மலை மாதிரி இருக்கும்.

அந்த மலையின் விலையை ஒரு தரம் கணக்குப் பார்த்தேன். ஒரு தொன் யூரியா செய்ய ஏறக்குறைய 22 முதல் 25 அளவு காஸ் போகும். அப்படியென்றால் நம்மவர்கள் வயல் வட்டையில் தோளில் சுமக்கிற ஐம்பது கிலோ பைக்குள் ஒன்றேகால் அளவுக்குக் கிட்டக் காஸ் இருக்கிறது. காஸ் இரண்டரை டொலர் என்றால் ஒரு பைக்குள் இருக்கிற காஸின் பெறுமதி மூன்று டொலர், நம் காசில் தொள்ளாயிரம் ரூபா. காஸ் பன்னிரண்டு டொலர் என்றால் பதினைந்து டொலர், நாலாயிரத்து ஐந்நூறு ரூபா. அதே யூரியா, அதே பை. 2022இல் ஐரோப்பாவில் காஸ் ஒரு கட்டத்தில் தொண்ணூறு டொலரையும் தாண்டியது. அங்கே அமோனியா ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஜேர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் பி.ஏ.எஸ்.எஃப். கம்பனி ஒரு அமோனியா ஆலையை நிரந்தரமாகவே மூடுவதாக 2023இல் அறிவித்தது. நூறு வருடத்துக்கு முன் அமோனியாவை ஆலையில் செய்கிற வித்தையை உலகத்துக்குக் காட்டிய கம்பனி அது.

இலங்கையும் இந்தப் பாடத்தை ஒருமுறை காசு கொடுத்துப் படித்தது. சப்புகஸ்கந்தையில் அரசாங்கம் யூரியா ஆலை கட்டியது. காஸ் இல்லை, அதனால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வருகிற நாஃப்தா என்ற எண்ணெயை வைத்து ஓட்டினார்கள். 1980களின் தொடக்கத்தில் ஓடியது, சில வருடங்களிலேயே மூடப்பட்டது. இறக்குமதி யூரியா அதைவிட மலிவாக வந்தது. நான் மெசயீத்தில் நின்ற 2021இல் அப்பா ஊரில் இருந்து அழைத்து, “அங்கே மலை மாதிரிக் கிடக்குது என்கிறாய், இங்கே ஒரு பை இல்லை” என்றார். இரசாயன உரத்தை அரசாங்கம் தடைசெய்த வருடம் அது. அந்தத் தடைக்கும் காஸுக்கும் சம்பந்தம் இல்லை, அது வேறு கதை. ஆனால் தடை போனபிறகு அடுத்த வருடமும் யூரியா விலை ஏன் இறங்கவில்லை என்று சம்மாந்துறையில் வயல்வெளிப் பொறுப்பாளரான ஒரு வட்டைவிதானை கேட்டார். ஐரோப்பாவில் காஸ் விலை என்று சொன்னேன். என்னைப் பைத்தியக்காரன் மாதிரிப் பார்த்தார்.

இனி நம் அளவுக்கு வருவோம். காஸ் மூலப்பொருளாக இல்லாமல் சூட்டுக்காக மட்டும் எரிகிற தொழில்கள் இருக்கின்றன. ஓடு, டைல்ஸ், கண்ணாடி, துணிச் சாயம். இவற்றில் காஸ் விலைக்கு அசைவு உண்டு, வேலையும் கூடுதல். குஜராத்தில் மோர்பி என்ற ஊரைப் பாருங்கள். இந்தியாவின் டைல்ஸில் பெரும்பகுதி அங்கேதான் சுடப்படுகிறது. நூற்றுக்கணக்கான சூளைகள். நிலக்கரியில் இருந்து வாயு எடுத்து எரித்துக்கொண்டிருந்தார்கள். புகையும் கழிவும் தாங்காமல் 2019இல் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தடைசெய்தது. எல்லோரும் குழாய்க் காஸுக்கு மாறினார்கள். இரண்டு வருடம் நன்றாகப் போனது. பிறகு உலக விலை ஏறியது, குழாய்க் காஸ் விலையும் ஏறியது, பலர் சூளையில் பேர்னரை மாற்றிப் புரொப்பேனுக்குப் போனார்கள். எதுவும் கட்டாமல் போனபோது ஊரோடு சூளையை அணைத்தார்கள். டைல்ஸ் சூளையை அணைப்பது விளையாட்டு இல்லை. அணைத்து மறுபடி சூடேற்றவே பல நாள் போகும், அவ்வளவு நாளும் எரிகிற காஸ் வீண்.

பங்களாதேஷின் கதை நமக்கு இன்னும் கிட்ட. அங்கே சொந்தக் காஸ் இருந்தது, அரசாங்கம் மிக மலிவாகக் கொடுத்தது. நாராயண்கஞ்ச், காசிப்பூர் பக்கம் பின்னலாடை ஆலைகளும் சாயப் பட்டறைகளும் குழாய் போன வழியே வளர்ந்தன. ஆளுக்கொரு காஸ் ஜெனரேட்டர், ஆளுக்கொரு காஸ் பொயிலர். தையல் வேலைக்குக் காஸ் தேவையில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் துணியைப் பக்கத்திலேயே நெய்து சாயம் போட முடிந்ததால்தான் தையல் ஆலைகளும் அங்கேயே கூடின, பெண்களுக்கு லட்சக்கணக்கில் வேலை வந்தது. காஸால் நேராக வந்த வேலை கொஞ்சம், காஸ் இருந்ததால் பக்கத்தில் வந்த வேலை நிறைய. காஸ் வேலை தரும் என்று யாராவது வாதாடினால் நான் முதலில் காட்டுவது பங்களாதேஷைத்தான், அமெரிக்காவை இல்லை.

பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கிணறுகள் வற்றத் தொடங்கின. 2018 முதல் கப்பல் காஸ் இறக்கினார்கள். பெரிய ஆலைகளுக்கு ஒரு கன மீற்றர் 12 டாக்காவுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது, 2023இல் ஒரே தாவலில் 30 டாக்கா. 2025 ஏப்ரலில் புதிதாக வருகிற ஆலைகளுக்கு மட்டும் 40 டாக்கா என்றார்கள். ஒரே வீதியில் பழைய ஆலைக்கு ஒரு விலை, புது ஆலைக்கு ஒரு விலை. காசு கொடுத்தாலும் குழாயில் அமுக்கம் இல்லை என்று அங்கே வேலை செய்கிற நம் ஊர்ப் பொடியன்கள் சொல்வார்கள். துணி பாதி நனைந்து நிற்கும்போது பொயிலர் அமுக்கம் விழுந்தால் அந்தச் சாயம் திட்டுத்திட்டாகப் போய்விடும், முழுத் தொகுதியும் கழிவு.

இப்போது நம் கடல். மன்னாரில் கேர்ன் கம்பனி 2011இல் டொராடோ, பரக்கூடா என்று இரண்டு இடத்தில் காஸ் கண்டது. ஆயிரம் மீற்றருக்கு மேல் ஆழமான தண்ணீர். 2015இல் அந்தக் கம்பனி விட்டுவிட்டுப் போய்விட்டது. கிழக்குக் கடலில் ஆய்வு செய்ய 2016இல் பிரான்சின் டோட்டல் கம்பனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஆய்வு என்றால் கப்பலில் இருந்து சத்தம் அனுப்பிக் கடலடியின் படம் எடுப்பது. படம் எடுப்பதற்கும் காஸ் எடுப்பதற்கும் இடையில் எவ்வளவோ தூரம் இருக்கிறது. இன்றுவரை இலங்கைக் கடலில் இருந்து ஒரு அடுப்பு எரிகிற அளவு காஸ்கூடக் கரைக்கு வரவில்லை.

மன்னார்க் காஸ் நாளைக்கே வந்தாலும் எங்கே போகும் என்று யோசியுங்கள். மேற்குக் கரையில் ஏறும், கெரவலப்பிட்டிக்குப் போகும். அங்கே காஸுக்கென்றே கட்டிய மின்நிலையங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. யுகதனவி பல வருடமாக எண்ணெயில் ஓடுகிறது. சோபாதனவி 2024இல் டீசலில் தொடங்கியது. அடுப்பைக் கட்டிவிட்டு விறகுக்குக் காத்திருக்கிறோம். கப்பல் காஸ் கொண்டுவர ஒரு அமெரிக்கக் கம்பனியோடு 2021இல் போட்ட ஒப்பந்தம் சண்டையிலும் வழக்கிலும் போனது. அந்தக் கெரவலப்பிட்டியின் வாயை நிரப்பிய பிறகு, மலையைச் சுற்றி நம் பக்கம் குழாய் போட யார் வருவார்? இங்கே எரிக்கிறவர்கள் யார் என்று முதலில் கேட்பார்கள். நாலு நெல் மில்லைக் காட்டி முந்நூறு கிலோமீற்றர் குழாய் கேட்கேலாது.

கப்பல் காஸ் என்றால் மலிவு என்ற சொல்லையே மறந்துவிட வேண்டும். குளிராக்க, ஏற்ற, கொண்டுவர, இங்கே மறுபடி சூடாக்க என்று ஒரு அளவுக்கு நாலைந்து டொலர் கூடிவிடும், அதுவும் நல்ல காலத்தில். வாங்குகிறவன் சின்னவன் என்றால் இன்னும் கூடும். விலை ஏறுகிற காலத்தில் ஜப்பானோடும் ஐரோப்பாவோடும் ஏலத்தில் நிற்க வேண்டும். 2022இல் பங்களாதேஷே ஏலச் சந்தையில் வாங்குவதை நிறுத்திவிட்டது.

இதை வீட்டுச் சிலிண்டரோடு வைத்துப் பார்ப்போம். 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும். 2024 ஜூலையில் 3,690 ரூபா. அந்த 3,690ஐ வைத்துக் கணக்குப் பார்த்தால் நாம் குசினியில் ஒரு அளவு சூட்டுக்கு ஏறக்குறைய 22 டொலர் கொடுத்தோம். அதே வருடம் அமெரிக்காவில் மொத்த விலை இரண்டு டொலருக்குக் கொஞ்சம் மேல். ஒன்று கடை விலை, மற்றது கிணற்றுப் பக்கத்து விலை என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடுவது முழுக்கச் சரி இல்லை. ஆனாலும் பத்து மடங்கு என்பது பத்து மடங்குதான். இங்கே ஒரு டைல்ஸ் சூளை போடுகிறவன் அந்தச் சிலிண்டர் வகைக் காஸைத்தான் தொட்டியில் வாங்கி எரிக்க வேண்டும். மோர்பிக்காரனோடு எப்படிப் போட்டி போடுவான்?

அப்போ கிழக்கில் சூடு வேண்டிய தொழிலே வராதா என்று கேட்டால், வரும், ஏற்கெனவே இருக்கிறது என்பேன். நாம் அதை எரிபொருள் என்று கணக்கெடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு தொன் நெல் குத்தினால் ஏறக்குறைய இருநூறு கிலோ உமி வரும். அந்த உமியில் இருக்கிற சூடு நாலரைச் சிலிண்டருக்குச் சமம். உமி பொயிலரில் சூடு வீணாவது அதிகம், பாதி புகைபோக்கியால் போகிறது என்றே வைப்போம். மிச்சம் இரண்டு சிலிண்டர், அந்த 2024 விலையில் ஏழாயிரம் ரூபாவுக்கு மேல். அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை மில்களில் நெல் அவிக்கிறதும் காய வைக்கிறதும் இதில்தான். நான் சின்னப் பொடியனாக இருந்தபோது உமியை வீதியோரம் கொட்டி நெருப்பு வைப்பார்கள், நாள்கணக்கில் புகையும், சைக்கிளில் போகிறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு போவான். இப்போது உமிக்கு லொறி வந்து நிற்கிறது. செங்கல் சூளைக்குப் போகிறது, கட்டியாக அழுத்தித் தூர ஊர் ஆலைகளுக்கும் போகிறது. ஹிங்குராணைச் சீனி ஆலையிலும் அப்படித்தான், கரும்பைப் பிழிந்த சக்கைதான் அங்கே எரிபொருள். எரிபொருள் மூலப்பொருளோடு சேர்ந்தே கேற்றுக்குள் வருகிறது. லூசியானாக்காரன் குழாய்க்குப் பக்கத்தில் ஆலை வைத்ததும் இதற்காகத்தான்.

ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி பதனிடுகிற வலயம் ஒன்று வரும் என்று 2021 முதல் பேச்சு இருக்கிறது. இருநூறு ஏக்கருக்கு மேல் காணி. காரணம் நியாயமானது. ஐரோப்பா தருகிற ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை முழுதாகக் கிடைக்க வேண்டும் என்றால் சட்டையைத் தைத்தால் மட்டும் போதாது, துணியும் இங்கே ஆக வேண்டும். என்னிடம் கேட்டால் கிழக்குக்குப் பொருத்தமான தொழில் இதுதான். ஏற்கெனவே தையல் ஆலைகள் இருக்கின்றன, கைத்தறி தெரிந்த மருதமுனையும் காத்தான்குடியும் இருக்கின்றன. ஆனால் சாயப் பட்டறை என்பது பெயரில்தான் துணி, உள்ளே பார்த்தால் தண்ணீரும் நீராவியும்தான். ஒரு கிலோ துணிக்கு நூறு லீட்டர் பக்கம் தண்ணீர் போகும், அதில் பெரும்பகுதியைச் சூடாக்க வேண்டும். பிறகு ஸ்டென்டர் என்று ஒரு நீள இயந்திரம், துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டு சூட்டுக் காற்றுக்குள் ஓட்டும். காஸ் உள்ள நாடுகளில் அதற்குள் நேரடியாகக் காஸ் எரியும். இல்லாத இடத்தில் விறகு எரித்து எண்ணெயைச் சூடாக்கி, அந்த எண்ணெயைச் சுற்றவிட்டு ஓட்டுகிறார்கள். இலங்கையின் துணி ஆலைகள் பல விறகிலும் கிளிரிசீடியா மரத் தடியிலும்தான் ஓடுகின்றன, நன்றாகவே ஓடுகின்றன.

ஆகவே புன்னைக்குடா பற்றி யாராவது கூட்டம் போட்டால் காஸ் எப்போது வரும் என்று கேட்காதீர்கள். நீராவி எதிலிருந்து, எவ்வளவு விலைக்கு, எத்தனை வருட ஒப்பந்தத்தில் என்று கேளுங்கள். ஆளுக்கொரு பொயிலரா, வலயத்துக்கே ஒரு பெரிய பொயிலரா என்று கேளுங்கள். பெரியது ஒன்று என்றால் உமியும் விறகும் சேர்த்து எரிக்கலாம், புகையையும் ஒரு இடத்தில் வடிக்கலாம். விறகு எந்தக் காட்டில் இருந்து என்றும் கேட்க வேண்டும், அது சின்னக் கேள்வி இல்லை. சாயத் தண்ணீர் எங்கே போகும் என்று கடலில் வலை போடுகிறவர்கள் எப்படியும் கேட்பார்கள்.

காஸால் நமக்கு ஒரு நன்மை வரும் என்றால் அது கரண்ட் வழியாகத்தான். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறிய ஏற்றத்தில் வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் வியாபாரம் என்ன பாடுபட்டது என்று உங்களுக்கே தெரியும். ஐஸ் ஆலைக்குச் சூடு வேண்டாம், கரண்ட்தான் வேண்டும். கெரவலப்பிட்டியில் டீசலுக்குப் பதில் நியாய விலைக் காஸ் எரிந்தால் அதன் பலன் கம்பியில் ஏறி இங்கே வரும். குழாய் வேண்டாம். அப்போதும் அது சூரிய வெளிச்சத்தோடு போட்டி போட வேண்டியிருக்கும். பக்கத்துச் சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் போடுவதாக இருந்து 2016இல் கைவிட்டு, இப்போது அதே காணிப் பக்கம் சூரிய மின்சாரத்துக்கு வந்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் தம்பி. அந்த டிப்ளோமாவின் பாடப் பட்டியலைப் பார்க்காமலே சொல்கிறேன், துளை போடுகிற கப்பலில் வேலைக்கு எடுக்கிறவன் அதைக் கேட்க மாட்டான். கத்தாரில் என்னை எடுத்தபோது கேட்டது இரண்டுதான்: பொயிலர் ஓட்டியிருக்கிறாயா, கசிவு கண்டால் என்ன செய்வாய். காஸ் ஆலையில் இருக்கிற வேலை எல்லாம் காஸ் வேலை இல்லை. வெல்டிங், குழாய் பொருத்து, அமுக்கமும் சூடும் அளக்கிற கருவிகளைப் பார்க்கிற வேலை, பம்ப் பார்க்கிற வேலை. இந்தக் கை உள்ளவனுக்கு மெசயீத்திலும் வேலை, ஹிங்குராணையிலும் வேலை, புன்னைக்குடா வந்தால் அங்கேயும் வேலை. மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. என்.வி.கியூ. என்கிற தேசியத் தொழில் தகைமையில் நாலாம் தரம் வரை எடுக்கச் சொல்லுங்கள். அரசாங்க இடங்கள், நாலரை லட்சம் கேட்க மாட்டார்கள்.

பெரும்போக அறுவடைக்கு முன் நிந்தவூர்ப் பக்கம் ஒரு மில்லில் பொயிலரைத் திறந்து குழாய் மாற்றுகிறோம், நாலு நாள் வேலை. உள்ளே படிந்த கசடு எப்படி இருக்கும், ஒரு குழாயை விரித்து இறுக்குவது எப்படி என்று பார்க்கலாம். தம்பியை அனுப்புங்கள். சாப்பாடு நம்முடையது. பழைய நீளக்கைச் சேட்டும் மூடின சப்பாத்தும் போட்டு வரச் சொல்லுங்கள், உமிச் சாம்பல் தோலில் பட்டால் மூன்று நாளைக்கு அரிக்கும்.